பெருக்கமும் தெளிவும்

நெல்மணி ஒன்றை விரல்நுனியில் வைத்துக் கண்ணருகே பிடித்து உற்று நோக்குவோருக்கு, எதிரே நிற்கும் மரமும் மதிலும் மங்கித் தோன்றும். மரத்தை நோக்கினால் நெல்மணி மங்கும். இரண்டையும் ஒரே நொடியில் தெளிவாகக் காணக் கண்ணுக்கு இயலாது. ஆயினும் இக்குறையை எவரும் உணர்வதில்லை. கண் தன் நோக்கை ஒரு பொருளினின்று மற்றொன்றுக்கு விரைந்து மாற்றிக்கொள்வதால், காண்பன யாவும் எப்பொழுதும் தெளிவாகவே இருப்பதுபோல் மனம் எண்ணிக்கொள்கிறது. காமிராவோ அங்ஙனம் ஏமாறுவதில்லை. அதன் கதவு திறந்து மூடும் பொழுதில் எத்தொலைவுக்கு லென்ஸ் சரிசெய்யப்பட்டிருந்ததோ, அத்தொலைவில் உள்ளவை மட்டுமே படத்தில் தெளிவாகப் பதியும்.

அத்தொலைவுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உள்ள பொருள்களும் ஏறக்குறையத் தெளிவாகப் பதிவதுண்டு. இவ்வாறு தெளிவு நிலவும் இடத்தின் முன்பின் அளவைப் புல ஆழம் என்று கூறுவர். வயலையும் மலையையும் படம் எடுப்பவருக்குப் புல ஆழம் ஒரு பொருட்டன்று. வரப்பு முதல் மலையுச்சி வரை யாவும் தெளிவாகவே அமையும். எறும்பின் தலையைப் படம் எடுக்க முயல்பவருக்கோ நிலைமை வேறு. எறும்பின் கண் தெளிந்தால் கொம்பு மங்கும்; கொம்பு தெளிந்தால் கண் மங்கும். பொருள் சிறிதாக ஆக, அதனைப் பெரிதாக்கிக் காட்டும் முயற்சி வளர வளர, தெளிவின் எல்லை சுருங்கிக்கொண்டே போகிறது. இஃது ஏன் என்பதை அறிய, உருப்பெருக்கம் என்பது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

காமிராவினுள் பொருளின் பிம்பம் ஒரு தகட்டின்மீதோ, சுருளின்மீதோ, இக்காலக் காமிராக்களில் ஒளியுணரும் சில்லின்மீதோ விழுகிறது. அப்பிம்பத்தின் நீளத்தைப் பொருளின் உண்மை நீளத்தால் வகுத்துக் கிடைப்பதே உருப்பெருக்கம் ஆகும். 6 மில்லிமீட்டர் நீளமுள்ள நெல்மணியின் பிம்பமும் 6 மில்லிமீட்டராக இருப்பின் உருப்பெருக்கம் 1. பிம்பம் 30 மில்லிமீட்டராயின் உருப்பெருக்கம் 5. பிறகு அப்படத்தைச் சுவரளவு பெரிதாக அச்சிட்டாலும், அது காமிராவின் உருப்பெருக்கத்தில் சேராது. ஓர் ஆளை முழுவுருவமாகப் படம் எடுக்கும்போது உருப்பெருக்கம் மிகச் சிறிய பின்னமே. பொருளின் உண்மை அளவுக்கு ஈடாகவோ அதனினும் மிகையாகவோ பிம்பம் அமையுமாறு எடுக்கும் படங்களே சிறு பொருள்களின் அண்மைப் படங்கள் எனச் சிறப்பாகக் கூறத்தக்கவை.

லென்ஸின் நடுவே ஒளி புகுவதற்கு ஒரு துளை உண்டு. அதனைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் இயலும். துளையின் விட்டம் லென்ஸின் குவியத் தூரத்தில் எட்டில் ஒரு பங்காக இருக்கும்படி வைத்து, படத்தில் ஒரு புள்ளி 0.03 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக விரியும் வரை அதனைத் தெளிவு என்றே கொள்வதாக வைத்துக்கொண்டால், புல ஆழத்தைக் கணக்கிட்டு அறியலாம். உருப்பெருக்கம் பத்தில் ஒன்றாக இருக்கும்போது புல ஆழம் ஏறக்குறைய 53 மில்லிமீட்டர். உருப்பெருக்கம் 1 ஆகும்போது அது 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைகிறது. உருப்பெருக்கம் 2 ஆயின் 0.36 மில்லிமீட்டர், 5 ஆயின் 0.12 மில்லிமீட்டர் மட்டுமே. இவ்வெண்கள் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன: பெருக்கம் இரு மடங்கானால் ஆழம் பாதியாகக் குறைவதன்று, அதனினும் விரைவாகக் குறைகிறது.

இதன் காரணம் லென்ஸின் இயல்பிலேயே அமைந்துள்ளது. பொருளின் ஒரு புள்ளியினின்று புறப்படும் ஒளிக்கதிர்கள் லென்ஸைக் கடந்து, கூம்பு வடிவில் குறுகிச் சென்று, மீண்டும் ஒரு புள்ளியில் கூடுகின்றன. கூடுமிடத்தில் தகடு இருந்தால் அப்புள்ளி புள்ளியாகவே பதியும். தகடு சற்று முன்னோ பின்னோ இருப்பின், கூம்பின் குறுக்கு வெட்டாகிய ஒரு சிறு வட்டம் பதியும். அவ்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதே மங்கல் எனப்படுவது. உருப்பெருக்கம் பத்தில் ஒன்றாக இருக்கையில், பொருள் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் கதிர்கள் கூடுமிடம் 0.01 மில்லிமீட்டர் அளவே நகரும். உருப்பெருக்கம் 5 ஆக இருக்கையிலோ, பொருள் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே கூடுமிடம் 2.5 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். பக்கவாட்டில் ஐந்து மடங்கு பெருக்கும் லென்ஸ், முன்பின்னாக இருபத்தைந்து மடங்கு பெருக்குகிறது. பொருளின் மேடுபள்ளங்கள் அத்துணையும் இவ்வாறு மிகைப்பட்டுத் தகட்டைத் தவறவிட்டு மங்குகின்றன.

இக்குறைக்கு எளிய மாற்று ஒன்று உண்டு. துளையைச் சிறிதாக்கினால் ஒளிக்கூம்பு மெலிந்துவிடும். மெலிந்த கூம்பை எங்கே வெட்டினாலும் வட்டம் சிறிதாகவே இருக்கும். ஆகவே புல ஆழம் கூடும். ஆனால் இயற்கை எதனையும் விலையின்றித் தருவதில்லை. துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால், உட்புகும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். முன்பு ஒரு விநாடி போதுமாயிருந்த படத்துக்கு இப்பொழுது நான்கு விநாடி வேண்டும். அன்றியும், உருப்பெருக்கத்தை மிகுதிப்படுத்த லென்ஸைத் தகட்டினின்று விலக்கி வைக்கவேண்டியிருப்பதால் ஒளி மேலும் குன்றும். உருப்பெருக்கம் 1 ஆகும்போதே தகட்டில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே நுண்பொருளைப் படம் எடுப்பவர் ஆழத்தைப் பெறக் காலத்தை விலையாகக் கொடுக்கவேண்டியவர் ஆகிறார். அக்காலம் முழுவதும் பொருள் அசையாதிருத்தல் வேண்டும். காமிரா அதிராதிருத்தல் வேண்டும்.

பொருள் அசைவதோடு நில்லாமல், சில நிமிடங்களில் உருகி மறைந்துபோவதாகவும் இருந்தால் என் செய்வது? இந்த இடர்ப்பாட்டை எதிர்த்துத் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்த உழவர் ஒருவர் அமெரிக்க நாட்டில் இருந்தார். அவர் பெயர் வில்சன் பென்ட்லி என்பது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில் வெர்மாண்ட் என்னும் மாநிலம் உள்ளது. அங்கே ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், 1865-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் பென்ட்லி பிறந்தார். அவருடைய தந்தையார் பயிர்த்தொழிலும் பால்பண்ணையும் நடத்திவந்தவர். தாயார் முன்னர்ப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மகனுக்கு வீட்டிலேயே அவர் கல்வி புகட்டினார். பென்ட்லிக்குப் பதினைந்து வயது ஆனபோது, தம்மிடமிருந்த பழைய நுண்ணோக்கி ஒன்றைத் தாயார் அவருக்கு அளித்தார். குளிர்காலத்தில் அந்நாட்டில் வானினின்று பனி பொழிவதுண்டு. அது மழைத்துளி உறைந்து உண்டாகும் ஆலங்கட்டியன்று. மேகத்தில் உள்ள நீராவி நேரே படிகமாகி, பஞ்சுபோல் மெல்லென இறங்குவது. பொழிந்த பனியில் ஒரு துகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த சிறுவர் பென்ட்லி வியப்பில் ஆழ்ந்தார். ஆறு கதிர்களும், ஒவ்வொரு கதிரிலும் கிளைகளும், கிளைகளில் நுண்ணிய வரிகளுமாகத் தேர்ந்த கை இட்ட கோலம்போல் அது விளங்கிற்று.

பனிப்படிகம் ஆறு முனை உடையது என்பதைப் பென்ட்லிக்கு முன்பே அறிஞர் அறிந்திருந்தனர். கெப்ளர் என்னும் வானநூலறிஞர் 1611-ஆம் ஆண்டிலேயே இதுபற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1665-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் தம் நூலில் பனிப்படிகங்களின் ஓவியங்களை வெளியிட்டார். பென்ட்லியும் முதலில் தாம் கண்டவற்றை வரைந்துவைக்கவே முயன்றார். ஆனால் கண் பார்த்ததைக் கை வரைந்து முடிப்பதற்குள் படிகம் உருகி ஒரு நீர்த்துளியாகிவிடும். அவ்வடிவம் மீண்டும் காணக் கிடைப்பதில்லை. அழியும் அழகை அழியாமற் காப்பதற்குக் காமிராவே தக்க கருவி என அவர் உணர்ந்தார்.

நுண்ணோக்கியோடு இணைக்கத்தக்க காமிரா ஒன்றின் விலை அக்காலத்தில் ஏறக்குறைய 100 டாலர். உழவர் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. பனித்துகளைப் படம் எடுப்பது வீண்வேலை என்றே தந்தையார் கருதினார். எனினும் மனைவியும் மகனும் வேண்டிக்கொண்டமையால் அக்கருவியை வாங்கிக் கொடுத்தார். கருவி கைக்கு வந்த பின்னரும் வெற்றி கிட்டவில்லை. படங்கள் மங்கலாகவே அமைந்தன. கற்றுக்கொடுப்பார் எவரும் அருகில் இல்லை. குளிர்காலம் வரும், சில பனிப்புயல்கள் வீசும், முயற்சி தோற்கும், மீண்டும் அடுத்த குளிர்காலம் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

அவருடைய தோல்விக்கு முதன்மையான காரணம் மேலே விளக்கப்பட்ட இயற்கை விதியே. நுண்ணோக்கியின் லென்ஸ் மிகுதியாகப் பெருக்குவதால் புல ஆழம் மிகக் குறுகியதாயிற்று. பென்ட்லி லென்ஸின் துளையைச் சிறிதாக்கி, ஒளிபடும் நேரத்தை நீட்டித்துப் பார்த்தார். அப்பொழுதுதான் படிகத்தின் வரிகள் கூர்மையாகப் பதியலாயின. 1885-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள், பனி பொழிந்துகொண்டிருந்தபோது, ஒரு தனிப் படிகத்தின் தெளிவான படத்தை அவர் முதன்முறையாகப் பெற்றார். அப்பொழுது அவருக்கு இருபது வயதும் நிறையவில்லை.

துளையைச் சிறிதாக்கியதால் ஆழம் கிடைத்தது. அதற்கு விலையாகக் காலம் தேவைப்பட்டது. அக்காலம் வரை படிகம் உருகாதிருக்க வழி என்ன? குளிரே அதற்கு வழி. வீட்டை ஒட்டியிருந்த, கணப்பு இல்லாத கொட்டகையில் பென்ட்லி தம் கருவிகளை வைத்திருந்தார். காமிராவும் நுண்ணோக்கியும் கண்ணாடிச் சில்லுகளும் வெளிக்காற்றைப்போலவே குளிர்ந்திருந்தன. பனி பொழியும்போது கறுப்புப் பலகை ஒன்றை வெளியே நீட்டி, அதன்மேல் விழும் துகள்களை ஏந்துவார். அவற்றுள் தக்கதொன்றைத் தேர்ந்து, மெல்லிய மரச்சிராய் ஒன்றினால் எடுத்துக் கண்ணாடிச் சில்லின்மேல் இடுவார். தம் மூச்சுக்காற்றின் வெப்பம் பட்டாலும் படிகம் கெடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொள்வார். பின்பு சாளரத்தின் வெளிச்சம் படிகத்தை ஊடுருவி வருமாறு கருவியைத் திருப்பி அமைப்பார். காமிராவின் பின்புறத்தில் நின்று பார்க்கும்போது நுண்ணோக்கியைத் திருகும் சக்கரம் கைக்கு எட்டாது. அதற்காகக் கயிறும் உருளையும் கொண்டு ஓர் அமைப்பைத் தாமே செய்துகொண்டார்.

கண்ணாடிச் சில்லின்மேல் வைத்த படிகத்தை ஒரு பறவை இறகினால் மெல்ல அழுத்திப் படியவைப்பது அவர் வழக்கம். இச்செயல் சிறியதாகத் தோன்றினும் இதன் பயன் பெரிது. விண்மீன் வடிவப் படிகம் சில மில்லிமீட்டர் அகலம் இருந்தாலும், அதன் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐந்து மடங்கு உருப்பெருக்கத்தில் புல ஆழம் 0.12 மில்லிமீட்டர் என முன்னர்க் கண்டோம். படிகம் தட்டையாகப் படிந்திருந்தால் அது முழுவதும் அவ்வெல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள படிகம் 10 பாகை சாய்ந்திருந்தால், அதன் ஒரு முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே உயர வேறுபாடு ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் ஆகிவிடும். புல ஆழத்தைப்போல் அது மூன்று மடங்கு. நடுப்பகுதி தெளிந்தால் இரு முனைகளும் மங்கும். பெருக்கம் இன்னும் மிகுந்தால் இவ்விடர் இன்னும் மிகும். துளையைச் சுருக்கிப் பெறும் ஆழத்தை, பொருளைச் செம்மையாக அமைப்பதாலும் பெறலாம் என்பதை அந்த இறகு காட்டுகிறது.

இங்ஙனம் நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேலாகப் பென்ட்லி உழைத்தார். அவர் எடுத்த பனிப்படிகப் படங்கள் 5,000-க்கும் மிகுதி. ஊராரிற் சிலர் அவரைப் பித்தர் என எண்ணி நகைத்தனர். பசுவைப் பேணுவதும் பயிரைக் காப்பதும் விட்டுப் பனியைப் படம் எடுப்பவரைப்பற்றி அவர்கள் வேறு என்ன நினைத்தல் கூடும்? ஆயினும் பென்ட்லி தம் பண்ணை வேலையையும் கைவிட்டாரல்லர். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் பெர்க்கின்ஸ் அவருக்குத் துணைபுரிந்தார். அவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1898-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் அந்நாட்டு வானிலைத் துறையின் இதழிலும் அவர் கட்டுரைகள் இடம்பெற்றன. மழைத்துளிகளின் அளவைக் கண்டறிய, தட்டில் பரப்பிய மாவில் அவற்றை விழச்செய்து, உண்டாகும் உருண்டைகளை அளக்கும் முறையையும் அவர் கையாண்டு, 1904-ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதினார். தம் படங்களின் படிகளை மிகக் குறைந்த விலைக்கே பள்ளிகளுக்கும் பிறருக்கும் விற்றுவந்தார். அவருக்குக் கிடைத்த பொருள் அவர் செலவிட்டதினும் குறைவே.

அவர் படங்களைப்பற்றி அறிஞரிடையே ஓர் ஐயமும் எழாமல் இல்லை. பென்ட்லியின் படங்களில் வெண்ணிறப் படிகம் கருநிறப் பின்னணியில் ஒளிர்வதைக் காணலாம். இது காமிராவில் இயல்பாக அமைந்ததன்று. எடுத்த நெகட்டிவுக்குப் படி ஒன்று செய்து, அப்படியில் படிகத்தைச் சுற்றியுள்ள மருந்துப் படலத்தைக் கூரிய கத்தியால் சுரண்டி நீக்குவார். அதனின்று அச்சிடும்போது பின்னணி கறுத்துவிடும். இதனால் படிகத்தின் விளிம்பு சிதைந்திருத்தல் கூடும் எனக் குறை கூறுவோர் இருந்தனர். மற்றொரு குறையும் உண்டு. ஜெர்மனி நாட்டில் ஹெல்மன் என்னும் அறிஞர் 1893-ஆம் ஆண்டில் பனிப்படிகம்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் நோய்ஹாஸ் என்பவர் எடுத்த படங்கள் இடம்பெற்றிருந்தன. அவற்றில் ஒருபுறம் குன்றியும் ஒருபுறம் மிகுந்தும் அமைந்த படிகங்கள் பல இருந்தன. பென்ட்லியின் தொகுப்பிலோ செம்மையாக அமைந்தவையே மிகுதி. உண்மையில் வானினின்று விழும் துகள்களில் பெரும்பாலானவை உடைந்தும் ஒட்டியும் வடிவம் குன்றியுமே இருக்கும். கறுப்புப் பலகையின்மேல் விழுந்தவற்றுள் அழகியவற்றையே பென்ட்லியின் கண் நாடிற்று.

இங்கே இன்னொன்றையும் நோக்கவேண்டும். தட்டையான படிகத்தையே குறுகிய புல ஆழத்தில் முழுவதும் தெளிவாகக் காட்ட முடியும். தூண் வடிவிலும், பல கிளைகள் எல்லாத் திசைகளிலும் நீண்ட வடிவிலும் அமைந்த படிகங்களும் பனியில் உண்டு. அவற்றின் ஒரு பகுதியே தெளிவாகப் பதியும். ஆதலால் தட்டையானவை படத்துக்கு எளிதில் வாய்த்தன. பருமனானவை எளிதில் வாய்க்கவில்லை. பென்ட்லியின் விருப்பம் ஒருபுறம் இருக்க, லென்ஸின் இயல்பும் அவர் காட்டிய உலகை ஓரளவு வரையறுத்தது எனலாம். ஒரு கருவியைக்கொண்டு காண்பவர், கருவி காட்டுவதோடு அது காட்டாமல் விடுவதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதனால் பென்ட்லியின் பெருமை குறைவதில்லை. தாம் சுரண்டிய படிகளோடு, முதலில் எடுத்த நெகட்டிவுகளையும் அவர் கெடாமல் வைத்திருந்தார். ஐயுறுவோர் மூலத்தோடு ஒப்பிட்டு நோக்குதற்கு அவை உதவும்.

1931-ஆம் ஆண்டில், ஹம்ப்ரீஸ் என்னும் வானிலை அறிஞரோடு சேர்ந்து, 2,400-க்கும் மேற்பட்ட படங்கள் அடங்கிய பெருநூலைப் பென்ட்லி வெளியிட்டார். நூல் வெளிவந்த சில வாரங்களில், பனிப்புயலினூடே நெடுந்தொலைவு நடந்து வீடு திரும்பிய அவரை நிமோனியாக் காய்ச்சல் பற்றியது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 23-ஆம் நாள், தாம் பிறந்த ஜெரிக்கோ ஊரிலேயே அவர் காலமானார்.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடிந்துவிடவில்லை. ஜப்பான் நாட்டில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உக்கிச்சிரோ நக்கயா என்னும் அறிஞரை அந்நூல் ஊக்கியது. அவர் இயற்கைப் பனிப்படிகங்களைப் படம் எடுத்ததோடு, அழகியவை அல்லாதவற்றையும் விடாது வகைப்படுத்தினார். 1936-ஆம் ஆண்டில், குளிரூட்டிய அறையில் முயலின் மயிரிழை ஒன்றின்மேல் செயற்கையாகவே பனிப்படிகத்தை வளரச்செய்து வெற்றி கண்டார். பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை சென்டிகிரேடு அளவில் விண்மீன் வடிவங்களும், 5 பாகை அளவில் ஊசியும் தூணும் போன்ற வடிவங்களும் உண்டாகின்றன என்பது இத்தகைய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. ஆகவே படிகத்தின் வடிவைக்கொண்டு, அது பிறந்த மேகத்தின் குளிரையும் ஈரத்தையும் உய்த்துணர இயலும். வீண்வேலை எனத் தந்தையார் கருதிய செயல், வானிலை ஆராய்ச்சிக்கு இவ்வாறு வழிகாட்டியாயிற்று.

புல ஆழத்தின் குறையை வெல்லுதற்கு இக்காலத்தார் வேறொரு முறையும் கண்டுள்ளனர். துளையை மேன்மேலும் சிறிதாக்கிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு. ஒளி அலையாகப் பரவுவது. மிகச் சிறிய துளையின் விளிம்பில் அது வளைந்து விரிகிறது. இதனை விளிம்பு விளைவு என்பர். உருப்பெருக்கம் 1 ஆக இருக்கையில், துளையைக் குவியத் தூரத்தில் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினால், புல ஆழம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டராகக் கூடும். ஆனால் விளிம்பு விளைவினால் ஒவ்வொரு புள்ளியும் 0.04 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட வட்டமாக விரியும். தெளிவுக்கு எல்லையாகக் கொண்ட 0.03 மில்லிமீட்டரை அது கடந்துவிடுகிறது. அஃதாவது, முன்னும் பின்னும் ஒரே சீராகத் தோன்றும். ஆனால் எப்பகுதியும் மிகக் கூர்மையாக இராது. ஆழத்தை மிகையாக விரும்பியவர் கூர்மையை இழப்பார்.

ஆதலின் இன்று, துளையை அளவாகவே வைத்து, பொருளின் முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுக்கின்றனர். ஒவ்வொரு படத்திலும் ஒரு மெல்லிய அடுக்கே தெளிவாக இருக்கும். கணிப்பொறி அப்படங்கள் ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் எடுத்துச் சேர்த்து, முழுவதும் தெளிவான ஒரே படமாக ஆக்கித் தருகிறது. ஒரு வண்டின் தலையை இம்முறையில் எடுக்கப் பல பத்துப் படங்களும், பெருக்கம் மிகுந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களும் தேவைப்படும். எனினும் அத்தனை படங்களும் எடுத்து முடியும்வரை பொருள் சிறிதும் அசையாதிருத்தல் வேண்டும். காற்றில் ஆடும் பூவுக்கும் உருகும் பனிக்கும் இம்முறை எளிதில் பொருந்தாது. பழைய விலையாகிய காலம் இங்கும் வேறு வடிவில் செலுத்தப்படுகிறது. அன்றியும், இங்ஙனம் கிடைக்கும் படம் ஒரு கணத்தில் ஒரு லென்ஸ் கண்ட காட்சியன்று. பல கணங்களின் தொகுப்பு. அதனைப் பார்ப்போர் அவ்வாறே அறிந்து பார்த்தல் நன்று.

பெருக்கிக் காண விழைபவர் ஆழத்தை இழக்கிறார். ஆழத்தைப் பெற விழைபவர் ஒளியையும் காலத்தையும் இழக்கிறார். அளவு கடந்து விழைபவர் கூர்மையையே இழக்கிறார். இவ்விதியினின்று எந்தக் கருவியும் முற்றும் விடுபட்டதில்லை. இவற்றுள் எதனை எவ்வளவு கொடுத்து எதனைப் பெறுவது என்று தேர்ந்து தெளிவதே நுண்பொருட் புகைப்படக் கலையின் உள்ளுறையாகும். பென்ட்லியிடம் செல்வம் இல்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. சிறந்த கருவியும் இல்லை. அவரிடம் இருந்தவை குளிரும், ஓர் இறகும், அடுத்த பனிப்பொழிவுக்காகக் காத்திருக்கும் பொறுமையுமே. அவற்றை விலையாகக் கொடுத்து, நிமிடத்தில் மறையும் பனிப்படிகத்தின் வடிவை உலகம் என்றும் காணுமாறு அவர் வைத்துச் சென்றார்.